விமான டிக்கெட்டில் நேரம் பார்ப்பது எப்படி?



நம்ம கடலூர், சிதம்பரம் பக்கத்துக் குழுக்களில், பிள்ளையையோ வீட்டுக்காரரையோ வெளிநாட்டு வேலைக்கு அனுப்பியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மஞ்சக்குப்பத்தில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா இரண்டு டிக்கெட்டைக் கொண்டு வந்தார்கள். பெரிய மகன் துபாய் போகிறான். சென்னையில் காலை 9.30க்கு ஏறி, பகல் 12.15க்கு இறங்குகிறான். சின்னவன் சிங்கப்பூர், இரவு 11.30க்கு ஏறி, மறுநாள் காலை 6.00க்கு இறங்குகிறான்.

"துபாய் ரெண்டேமுக்கால் மணி நேரந்தான். சிங்கப்பூர் ஆறரை மணி நேரம். தூரம் ஜாஸ்தின்னு ஏஜெண்டு கூட காசு கேக்குறாரு, சரிதானேம்மா?"

சரியில்லை. சென்னையிலிருந்து மேற்கே துபாயும் சுமார் 2,900 கிலோமீட்டர், கிழக்கே சிங்கப்பூரும் சுமார் 2,900 கிலோமீட்டர். வழியில் நிற்காத விமானம் என்றால் இரண்டுக்குமே நாலு, நாலேகால் மணி நேரம் ஆகும். டிக்கெட் விலை எந்த நாளில் போகிறோம், எத்தனை நாள் முன்னால் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தும் ஏறும், இறங்கும்.

அப்போ டிக்கெட்டில் ஏன் அப்படி இருக்கு? ஏறும் நேரம் நம்ம ஊர் கடிகாரப்படி, இறங்கும் நேரம் அந்த ஊர் கடிகாரப்படி போட்டிருப்பார்கள். கிழக்கே இருக்கும் சிங்கப்பூரில் பொழுது நமக்கு முன்னாலேயே விடிந்துவிடும். அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. துபாய் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பிந்தி ஓடுகிறது. ஆகவே ஆறரையில் இரண்டரையைக் கழித்தால் சிங்கப்பூருக்கு நாலு மணி. ரெண்டேமுக்காலோடு ஒன்றரையைக் கூட்டினால் துபாய்க்கு நாலேகால் மணி. அவ்வளவுதான் கணக்கு.

இதைவிட முக்கியம் தேதி. நம்ம குழு உறுப்பினர் ஒருவர் உள்கடன் வாங்கி மகனுக்கு டிக்கெட் எடுத்தார். அதில் 15ஆம் தேதி, 00.40 என்று இருந்தது. 15ஆம் தேதி ராத்திரி சாப்பாடு கட்டிக்கொண்டு ஏர்போர்ட் போனால், விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது. டிக்கெட் பணம் போச்சு, கடனும் வட்டியும் மட்டும் மிச்சம். 00.40 என்றால் நடு ராத்திரி 12 மணி தாண்டி 40 நிமிடம். 14ஆம் தேதி சாயங்காலமே வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் ஏர்போர்ட்டில் இருப்பது நல்லது. அதாவது 14ஆம் தேதி இரவு 9.40க்கு. மஞ்சக்குப்பத்திலிருந்து மீனம்பாக்கம் சுமார் 170 கிலோமீட்டர். பஸ்ஸில் போய் கிளாம்பாக்கத்தில் மாறினால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். (இந்த நேரத்தில் விமானம் சிங்கப்பூருக்கே போய்விடும்!) ஆக, மதியம் நாலு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிட வேண்டும். சிதம்பரத்துக்காரர்கள் இன்னும் ஒன்றரை மணி நேரம் முன்னால்.

அடுத்த கூட்டத்துக்கு வீட்டில் இருக்கும் பழைய டிக்கெட்டை எடுத்து வாருங்கள். ஆளுக்கு ஒன்றாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.