உறுதி எழுத முன் யோசிப்போம்

1990 இலும், பின்னர் 2007, 2008 இலும் மன்னாரில் ஊர் விட்டு ஊர் ஓடியபோது வீட்டோடு காணி உறுதியையும் இழந்தவர்கள் நம்மில் பலர். இன்று பிள்ளையின் வீட்டில் ஒதுங்கியிருக்கும் முதியவருக்குக் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் ஒரு துண்டு வயலே மிச்சம். "என்ர பேருக்கு எழுதித் தாங்கோ அப்பு, நான் பார்ப்பன்" என்று பிள்ளை கேட்டால் மறுக்க மனம் வராது. எழுதிக் கொடுத்தபின் சோற்றுக்கும் கையேந்தும் நிலை வரக்கூடும். ஆகவே மூன்று விடயங்களை அறிந்துகொள்வோம்.

1. காணி: நன்கொடை உறுதி எழுதினால், உங்களுக்கும் துணைவருக்கும் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். சாகும்வரை அங்கு குடியிருக்கவும் விளைவை அனுபவிக்கவும் அது உரிமை தரும். மீளப்பெற முடியாத நன்கொடையை, பிள்ளை பெரும் நன்றிகேடு செய்தார் என்று நீதிமன்றில் நிரூபித்தே இரத்துச் செய்யலாம். 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இதைப் பற்றியது. பேமிற் காணிக்குப் பின்னுரித்தாளரை நியமித்தால், உயிருள்ளவரை அந்த நியமனத்தை மாற்றலாம். பதிவான உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம்.

2. பணம்: கொடுப்பனவு உங்கள் பெயரிலுள்ள கணக்கிலேயே விழட்டும். வங்கி அட்டையின் இரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். வாசித்துக் கேட்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். நாலு கோழியும் ஒரு கீரைப் பாத்தியும் இருந்தால் வெற்றிலைக்காசுக்குப் பிறர் கையைப் பார்க்க வேண்டியதில்லை.

3. சட்டம்: 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதானவர்களுக்கு உரியது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்கிறது அது. தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பகுதியில் விசாரியுங்கள். அடி, உதை என்றால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

பிள்ளைகளும் இடப்பெயர்வில் நொந்தவர்களே. எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். தெளிவாக எழுதிய உறுதி, பெற்றோரைப் போலவே பிள்ளையையும் பாவத்திலிருந்து காக்கும். தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளை அவர்களது சோற்றையும் கூரையையும் சேர்த்ததே.

கலந்துரையாடுவோம்:
• நம் ஊரில் தனித்திருக்கும் முதியோர் யார்? கிழமைக்கு ஒருமுறை அவர்களை யார் பார்க்கிறார்கள்?
• பயந்து வாய் திறக்காத ஒருவருக்காக நம்மில் யார் பிரதேச செயலகம் வரை கூடப் போவோம்?