வீரரும் பயிற்றுவிப்பாளரும்: சைமன் சுந்தரராஜ்

மாணவர்களே, வீரரின் பணி வேறு. பயிற்றுவிப்பாளரின் பணி வேறு. இவ்வேறுபாட்டை விளக்குமாறு கேட்கப்பட்டால், இரண்டு பணிகளையும் செய்த தமிழ்நாட்டு உதைபந்தாட்ட வீரர் சைமன் சுந்தரராஜை உதாரணமாக எழுதலாம்.

வீரராக: 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பெருவிடம் 1–3 எனத் தோற்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் அந்த ஒரு கோலை அடித்தவர் சுந்தரராஜ். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றுவரை அதுவே.

பயிற்றுவிப்பாளராக: 1973இல் அவர் பயிற்றுவித்த கேரள அணி, எர்ணாகுளத்தில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் ரயில்வே அணியை 3–2 என வென்று, முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தைக் கைப்பற்றியது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. சுந்தரராஜ் மைதானத்துக்கு வெளியே இருந்தார். ஆயினும் அவ்வெற்றியில் அவருக்கும் பங்குண்டு.

நினைவிற் கொள்க: வீரர் தன் திறனை வெளிப்படுத்துகிறார், பயிற்றுவிப்பாளர் பிறர் திறனை வளர்க்கிறார்.

மாதிரி வினா: வலப்பனையிலுள்ள தோட்டப் பாடசாலை அணியொன்று 1–3 எனத் தோற்றது. அதன் பயிற்றுவிப்பாளராக நீங்கள் செய்ய வேண்டிய இரண்டு பணிகளைக் குறிப்பிடுக.

விடை:
1. தவறுகளை இனங்கண்டு அவற்றுக்கேற்ற பயிற்சி வழங்குதல்.
2. தோல்விக்கு ஒருவரை மட்டும் குறை கூறாது, அனைவரையும் ஊக்குவித்தல்.