காளையார்கோவில் காட்டுச் சண்டை – 1801

இந்த மாத இதழில் கொரில்லாப் போர் பற்றிப் பார்ப்போம்.

தலைப்பைச் சொன்னவுடனே எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். குரங்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஸ்பானிஷ் மொழியில் இந்தச் சொல்லுக்குச் 'சின்னப் போர்' என்று பொருள். 1808-ல் நெப்போலியன் படை ஸ்பெயின் நாட்டுக்குள் புகுந்தது. அந்த நாட்டு மக்கள் சின்னச் சின்னக் கூட்டமாக மலையில் ஒளிந்திருந்து அந்தப் பெரிய படையை அடித்தார்கள். அப்போதுதான் இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. தமிழில் கரந்தடிப் போர் என்பார்கள். கரந்து என்றால் மறைந்து. மறைந்திருந்து அடிப்பது என்று அர்த்தம்.

ஆனால் அதற்கு 7 வருடம் முன்னாலேயே நம்ம வைகை ஆறு போகிற சிவகங்கைச் சீமையில் இப்படி ஒரு சண்டை நடந்திருக்கிறது. மருது பாண்டியரைத் தூக்கில் போட்ட தேதியை எல்லாரும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறோம். எப்படிச் சண்டை போட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. வீரம் இருக்கிறவன் எதுக்கு ஒளிந்து அடிக்கணும்? நேருக்கு நேர் நிற்க வேண்டியதுதானே?

நின்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. முதலில் கும்பினிப் படையால் உள்ளே நுழைய முடியவில்லை. ஆனால் கோட்டை நகராது. பீரங்கி நகரும். இன்று ஒரு பீரங்கி பத்தாது என்றால் நாளைக்கு இன்னும் பெரியதைக் கொண்டு வரலாம். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேற வேண்டியதாகிவிட்டது. புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள்.

அவர் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரி 2-ம் தேதி அவரும் கூட்டாளிகளும் தப்பித்தார்கள். வெளியிலிருந்து உதவிக்கு வந்தவர்கள் விறகு விற்கிறவர்கள் போல வேடம் போட்டு வந்தார்கள் என்று சொல்வார்கள். ஒரு வாரம் கழித்துக் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ப் பார்த்தால், இடித்த இடத்தில் மறுபடியும் மண் கோட்டை நிற்கிறது! ஊர் சனம் எல்லாம் சேர்ந்து கட்டியிருக்கிறது. மார்ச் 31-ல் வெள்ளைக்காரர்கள் தாக்கித் தோற்றார்கள். மே 24-ல்தான், கர்னல் அக்னியூ பெரிய படையோடு வந்த பிறகு, கோட்டை விழுந்தது.

அன்று நடந்த ஒரு விஷயத்தைக் கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் என்பவரே தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு அம்மா தன் மகனைத் தேடிப் போர்க்களத்துக்கு வந்தார். மகன் சாகிற நிலையில் கிடக்கிறான். அவன் தன்னைத் தூக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொன்னான். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேடி வந்தவர்களைக் கண்டதும் துணியால் மூடி ஒப்பாரி வைத்தார்கள். அம்மையில் செத்த பிள்ளை என்று சொன்னார்கள். அம்மை என்றதும் யாரும் கிட்டே வரவில்லை. என்னைக் கேட்டால் அந்த அம்மா பெயர்தான் முதலில் பாடப் புத்தகத்தில் வரணும். ஆனால் பெயர் யாருக்கும் தெரியாது.

ஊமைத்துரை தப்பித்துச் சிவகங்கைக்குப் போனார். சின்ன மருது அடைக்கலம் கொடுத்தார். பெரிய மருது, சின்ன மருது இரண்டு பேரும் ராணி வேலுநாச்சியாரின் தளபதிகளாக இருந்தவர்கள். 1772-ல் காளையார்கோவிலில் ராணியின் கணவர் கொல்லப்பட்ட பிறகு, அவர்கள் நம்ம பக்கத்துத் திண்டுக்கல் சீமையில், விருப்பாச்சியில்தான் பல வருடம் தங்கியிருந்தார்கள். 1780-ல் ஐதர் அலி உதவியோடு சிவகங்கையை மீட்டார்கள்.

இப்போ 1801. காளையார்கோவிலைச் சுற்றி அடர்ந்த காடு. இன்றைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் சீமைக்கருவேலம்தான் தெரியும். அது அப்போ கிடையாது, பிற்பாடு வெளிநாட்டிலிருந்து வந்தது. அன்றைக்கு இருந்தது நாட்டு மரமும் முள்ளும் கொடியும் பின்னிக் கிடந்த காடு. ஒற்றையடிப் பாதைதான். அது எங்கே போய் எங்கே முடியும் என்று ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரியும், கும்பினிக்காரனுக்குத் தெரியாது. அரண் அதிகாரத்தில் வள்ளுவர் நீர், நிலம், மலை, காடு நான்கையும் சொல்கிறார் அல்லவா? காளையார்கோவிலில் மலை மட்டும் இல்லை. (மலை எல்லாம் நம்ம ஊர்ப் பக்கம் வந்துவிட்டது!)

காடு எப்படிச் சண்டை போடும் என்று புரிய, நம்ம ஆண்டிபட்டிக் கணவாயை நினைத்துப் பாருங்கள். அங்கே நடுரோட்டில் ஒரு லாரி ரிப்பேராகி நின்றால் போதும், மதுரை பஸ், தேனி பஸ் எல்லாம் வரிசையாக நின்றுவிடும். பின்னால் நூறு வண்டி நின்றாலும் முன்னால் இருக்கிற ஒரு வண்டிக்கு உதவ முடியாது. பெரிய படையும் ஒற்றையடிப் பாதையில் அப்படித்தான். ஆயிரம் பேர் வந்தாலும் முன்னால் நிற்கிற நாலு பேர்தான் சண்டை போட முடியும். பீரங்கியை இழுக்க மாடு வேணும், மாட்டுக்குப் பாதை வேணும், தீனி வேணும், தண்ணீர் வேணும். சிப்பாய்க்கு அரிசி வேணும். எல்லாம் தூரத்திலிருந்துதான் வரணும். மருதுவின் ஆட்கள் மரத்துக்குப் பின்னாலிருந்து சுடுவார்கள், வளரி வீசுவார்கள், ஈட்டி எறிவார்கள். படை திரும்பிச் சுடுவதற்குள் ஆள் இருக்க மாட்டான். சாப்பாடு கொண்டு வருகிற கூட்டத்தை அடிப்பார்கள்.

வளரி என்பது பிறை நிலா போல வளைந்த ஆயுதம். மரத்திலும் இருக்கும், இரும்பிலும் இருக்கும். வளைதடி என்றும் சொல்வார்கள். மேலே சொன்ன வெல்ஷுக்கு வளரி வீசச் சொல்லிக் கொடுத்ததே சின்ன மருதுதான். அதையும் வெல்ஷ் எழுதியிருக்கிறார். சில வருடம் கழித்து அதே வெல்ஷ், அதே சின்ன மருதுவைப் பிடிக்கப் போன படையில் இருந்தார்.

ஜூன் மாதம் சின்ன மருது ஒரு அறிக்கை வெளியிட்டார். திருச்சி கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோவில் சுவரிலும் அதை ஒட்டினார்கள். எல்லாச் சாதியாரும் முஸ்லிம்களும் ஒன்று சேரணும், வெள்ளைக்காரனிடம் வேலை பார்க்கும் சிப்பாய்களும் விலகி வரணும் என்று அதில் இருந்தது. அதைக் கிழிப்பவர்களுக்குப் பெரிய பாவம் வந்து சேரும் என்றும் எழுதியிருந்தார். யோசித்தால் அதுவும் ஒரு சுவர்ப் பத்திரிகைதான். நம்ம இதழின் ஓரத்தைக் கிழிக்கிற தம்பிமார்கள் கவனிக்கவும்.

ஜூலை கடைசியில் அக்னியூ படை சின்ன மருதுவின் ஊரான சிறுவயலுக்கு வந்தது. வந்து பார்த்தால் ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. எரித்தது கும்பினி இல்லை. எதிரிக்குத் தங்க இடம் கிடைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்களே தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம்ம வீட்டுக் கூரையில் நாமே தீ வைக்கணும் என்றால் வைப்போமா? கொரில்லாப் போர் என்றால் மறைந்து சுடுவது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வீடு, வெள்ளாமை எல்லாத்தையும் விட்டுவிட்டு, யார் கேட்டாலும் வாய் திறக்காமல் இருக்கிற சனம் வேணும். அந்தச் சனம் இல்லாமல் மருதுவாலும் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அக்னியூ ஒரு முடிவு எடுத்தார். பாதை இல்லை என்றால் வெட்டிவிடுவோம். சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிக்கொண்டே போவது. ஆகஸ்ட் மாதம் முழுக்க வெட்டினார்கள். வெட்டுகிறவர்களுக்குக் காவலாகப் படை போகணும். தினமும் துப்பாக்கிச் சூடு. வெயில், காய்ச்சல் வேறு. ஒரு மாதம் இப்படிப் போராடிவிட்டு, காளையார்கோவிலைக் கண்ணால் பார்க்காமலே செப்டம்பர் 2-ம் தேதி திரும்பிப் போய்விட்டார்கள். உலகத்திலேயே பெரிய கப்பல் படை வைத்திருந்த நாட்டின் கும்பினி, நம்ம நாட்டு முள்ளுக் காட்டிடம் தோற்றது இப்படித்தான்.

அப்புறம் எப்படி ஜெயித்தார்கள்? இதுதான் முக்கியம். புதுப் பீரங்கியால் இல்லை.

சிவகங்கை அரண்மனையில் ஏற்கெனவே ஒரு மனக்கசப்பு இருந்தது. மருது சகோதரர்கள் அரச வம்சம் இல்லை, தளபதிகள். வம்சத்தில் வந்த படமாத்தூர் கௌரி வல்லபத் தேவர் தனக்குத்தான் உரிமை என்று நினைத்தார். அவர் நினைத்ததில் ஞாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அக்னியூ அந்த விரிசலைப் பிடித்துக்கொண்டார். செப்டம்பர் 12-ல் சோழபுரத்தில் அவருக்குச் சிவகங்கை ஜமீன்தார் பட்டம் கட்டினார். விலகி வருகிறவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்ற அறிவிப்பும் இருந்தது. மருதுவிடம் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரமும் முதலிலிருந்தே கும்பினி பக்கம். அதே காடுதான், அதே பாதைதான். ஆனால் இப்போது அந்தப் பாதை தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அக்டோபர் 1-ல் படை பல பக்கமிருந்து உள்ளே போனது. ஒரே நாளில் காளையார்கோவில் விழுந்தது.

அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். (இது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர். பரீட்சையில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.)

ஊமைத்துரை நம்ம பக்கம்தான் வந்தார். கண்டமனூர், போடிநாயக்கனூர் எல்லாம் அன்றைக்குத் திண்டுக்கல் சீமைப் பாளையங்கள். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து அந்தச் சீமை கும்பினி கைக்குப் போயிருந்தது. விருப்பாச்சி கோபால நாயக்கர்தான் இந்தப் பக்கத்தில் பாளையக்காரர்களைத் திரட்டியவர். அவரையும் 1801-லேயே திண்டுக்கல்லில் தூக்கிலிட்டுவிட்டார்கள். மலைக்குப் போய்விட்டால் மறுபடி ஆள் சேர்க்கலாம் என்று ஊமைத்துரை நினைத்திருக்கலாம். வத்தலக்குண்டு பக்கம் பிடிபட்டார். நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியில், அவர் கட்டிய கோட்டை இருந்த இடத்திலேயே தூக்கு.

1802-ல் 70 பேருக்கும் மேல் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அதில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 15 இருக்கும். என்னைவிட ஒரு வயசுதான் கூட. 1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, வயதான ஆள் மாதிரி தளர்ந்துபோன ஒருவர் வந்து நின்றாராம். அடையாளமே தெரியவில்லையாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் துரைச்சாமிக்கு அப்போது முப்பத்துச் சொச்சம்தான்.

1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ், இனி மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். துப்பாக்கி, ஈட்டி எல்லாம் போனது. வளரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போனது. ஓரத்தில் வளரி படம் வரைந்திருக்கிறேன். புத்தகத்தைப் பார்த்து வரைந்ததுதான். உங்கள் வீட்டில் தாத்தா, அப்பத்தா யாராவது வளைதடி வீசியதைப் பார்த்திருந்தாலோ, பழைய வளரி எங்காவது ஊரில் இருந்தாலோ 9-ஆம் வகுப்பில் வந்து சொல்லுங்கள். அடுத்த இதழில் போடலாம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, ஆண்டிபட்டி