அழிய மறுக்கும் கோப்பகம்

ஒரே சேமிப்பு வட்டைப் பலர் வலைப்பின்னல் வழியே பகிர்ந்துகொள்வது இன்று ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகிவிட்டது. அத்தகைய பொது வட்டில் ஒரு கோப்பகத்தை அழிக்க முற்படும் மாணவர் சில வேளைகளில் வியப்பான விடையைப் பெறுகிறார். உள்ளிருந்த கோப்புகள் யாவும் அழிந்துவிட்டன. பட்டியலிட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆயினும் 'கோப்பகம் காலியாக இல்லை' என்று கணினி சாதிக்கிறது. வேறு சில வேளைகளில், அழித்துவிட்ட கோப்பகம் அடுத்தவர் திரையில் அப்படியே நிற்கிறது.

இதனைக் கோளாறு என்று கருதிக் கட்டாய அழிப்புக் கட்டளையை மீண்டும் மீண்டும் ஏவுவோர் உளர். ஆனால் இத்தகைய இடங்களில் பெரும்பாலும் கணினி உண்மையையே கூறுகிறது. யாரோ ஒருவருடைய நிரல் அந்தக் கோப்பகத்தை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அது யாருடையது என அறியாமல் அழித்தால் பிறருடைய பல நாள் உழைப்பு பாழாகலாம். அஃது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

பெயர் வேறு, பொருள் வேறு

கோப்பகம் என்பது பெயர்களின் பட்டியல். யூனிக்ஸ் மரபில் ஒரு கோப்பை அழிப்பதாவது, அப்பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்குவதே. ஏதேனும் ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பெயர் மறைந்த பின்னும் உள்ளடக்கம் வட்டில் இருக்கும். திறந்த நிரல் மூடிய பின்னரே அது மறையும்.

ஒரே கணினிக்குள் இஃது இடையூறின்றி நடைபெறும். திறந்தவர் யார், அழிப்பவர் யார் என்ற இரண்டையும் ஒரே இயக்க அமைப்பு அறிந்திருக்கிறது அன்றோ? கோப்பு வேறொரு கணினியில் இருக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

என்.எஃப்.எஸ். செய்யும் தந்திரம்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களில் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் முறையே லினக்ஸ் கணினிகளில் மிகுதியாக வழங்குவது. 1995-இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பு வரை, எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார் என்பதை வழங்கிக் கணினி நினைவில் வைப்பதில்லை. வழங்கி இடையில் நின்று மீண்டும் இயங்கினாலும் பயனாளரின் வேலை தொடரவேண்டும் என்பதற்காகவே இவ்வாறு அமைத்தனர். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பெயரை நீக்கச் சொன்னால், வழங்கி உள்ளடக்கத்தையும் உடனே நீக்கிவிடும்.

இதைத் தவிர்க்கப் பயனாளரின் கணினியே ஒரு தந்திரம் செய்கிறது. தன்னிடம் திறந்திருக்கும் கோப்பை அழிக்குமாறு கட்டளை வந்தால், அழிப்பதற்குப் பதிலாக அதற்கு வேறு பெயர் இடுகிறது. அப்பெயர் ஒரு புள்ளியில் தொடங்கி, என்.எஃப்.எஸ். என்னும் எழுத்துகளும் நீண்ட எண்ணும் கொண்டது. நிரல் மூடியதும் அந்தக் கோப்பு நீக்கப்படும். 'சில்லி ரீநேம்', அதாவது அசட்டுப் பெயர்மாற்றம், என்று இதற்குப் பெயர். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் சாதாரணப் பட்டியலில் தோன்றா. ஆகவே கோப்பகம் காலிபோலத் தோன்றும், ஆனால் காலியன்று.

இம்மறைகோப்பை அதே கணினியிலிருந்து அழிக்க முயன்றால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுப்பு வரும். வேறொரு கணினியிலிருந்து அழித்தாலோ, தடுப்பார் எவரும் இல்லை! கோப்பு போய்விடும், அதைத் திறந்திருந்த நிரல் அடுத்த முறை எழுத முயலும்போது 'கோப்பின் பிடி செல்லாது' என்னும் பிழையைச் சந்திக்கும். மூன்று நாள் ஓடிய கணக்கீடு அந்த நொடியில் வீணாகலாம். மறைகோப்பு குப்பையன்று, அது ஒரு காவல் என்பதை மாணவர்கள் மறவாதிருக்க வேண்டும்.

விண்டோஸ் வழங்கும் முறை

விண்டோஸ் கணினிகள் கையாளும் எஸ்.எம்.பி. முறையில், திறந்திருப்போர் அனைவரையும் வழங்கி அறியும். பிறர் அழிப்பதற்கு இசையாமல் ஒருவர் கோப்பைத் திறந்திருந்தால், அழிப்பு மறுக்கப்பட்டு 32 என்னும் பிழை எண் வரும். இசைந்து திறந்திருந்தால், கோப்பு 'அழியக் காத்திருப்பது' எனக் குறிக்கப்படும். கடைசியாகத் திறந்தவர் மூடும் வரை அப்பெயர் பட்டியலில் நிற்கக்கூடும். அதற்குள் கோப்பகத்தை நீக்க முயன்றால் 145 என்னும் எண்ணுடன் 'காலியாக இல்லை' என்ற விடை வரும்.

இங்கே அடிக்கடி அகப்படும் குற்றவாளி 'தம்ப்ஸ் டி.பி.' என்னும் மறைகோப்பு. படங்கள் நிறைந்த பொதுக் கோப்பகத்தைச் சாளரத்தில் திறந்து பார்த்தால், சிறுபடங்களைச் சேமிக்க விண்டோஸ் இதனை உண்டாக்கித் திறந்தே வைத்திருக்கும். பிறரைத் தேடுவதற்கு முன், நாம் திறந்து வைத்த சாளரத்தை மூடிப் பார்ப்பது நன்று.

அழிந்ததன் நிழல்

அடுத்தவர் திரையில் அழிந்த கோப்பகம் நிற்பதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு முறையும் வழங்கியைக் கேட்டால் வேகம் குறையும் என்பதால், பயனாளர் கணினி முன்பு கண்ட விவரத்தைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. லினக்ஸ் என்.எஃப்.எஸ். அமைப்பில் கோப்பக விவரங்களுக்கு இந்நேரம் இயல்பாக 30 முதல் 60 நொடி, விண்டோஸ் எஸ்.எம்.பி.யில் 10 நொடி. ஆகவே ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் பார்த்தாலே பல புதிர்கள் தாமே தீர்ந்துவிடும்.

செய்யத்தக்க முறை

முதலாவதாக, மறைபெயர்களையும் காட்டுமாறு பட்டியலிடுக. இரண்டாவதாக, ஒரு நிமிடம் பொறுத்து மறுமுறை பார்க்க. மூன்றாவதாக, திறந்திருக்கும் நிரலைக் கண்டறிக. லினக்ஸில் 'எல்.எஸ்.ஓ.எஃப்.' என்னும் கட்டளை அதனைக் காட்டும். ஆனால் அந்தக் கணினியில் ஓடும் நிரல்களை மட்டுமே காட்டும். ஆதலால் வட்டைப் பகிரும் ஒவ்வொரு கணினியிலும் தேடவேண்டும். விண்டோஸ் வழங்கியில், திறந்த கோப்புகளின் பட்டியலை நிர்வாகி பார்க்க இயலும்.

நான்காவதாக, நிரலுக்கு உரியவரைக் கேட்டு, அவர் முடித்த பின் அழிக்க. கணினி திடீரென நின்றுபோனதால் உரியவரின்றிக் கிடக்கும் மறைகோப்புகளும் உண்டு. எக்கணினியிலும் அவை திறந்திருக்கவில்லை என்று உறுதியான பின் அவற்றை நீக்குவதில் தீங்கில்லை.

இன்னும் ஒன்று. விண்டோஸில் வலைப்பின்னல் வட்டிலிருந்து அழிப்பவை பொதுவாக நம் கணினியின் குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. லினக்ஸின் அழிப்புக் கட்டளைக்கோ தொட்டியே கிடையாது. வழங்கியில் முன்பே படி எடுத்து வைத்திருந்தாலன்றி, போனது போனதுதான்.

பொது வட்டு பலர் கூடி வாழும் விடுதியைப் போன்றது. அறையைப் பூட்டுமுன் உள்ளே எவரேனும் இருக்கிறாரா என்று குரல் கொடுப்பது நம் வழக்கம். கோப்பகத்தை அழிக்குமுன்னும் அதே வழக்கத்தைக் கைக்கொள்வோமாக.