மௌண்ட் வெர்னன் மாளிகையும் அதன் உடையவர்களும்

பழைய மனைகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றை உடையாரது பெயர்களை வரிசைப்படுத்தி அமைவர். அம்முறை எத்துணைக் குறைபாடுடையதென்பதற்கு, வட அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்திலே பொட்டோமக் நதிக்கரையில் விளங்கும் மௌண்ட் வெர்னன் மாளிகை தக்க சான்றாகும்.

1674-ம் வருஷத்தில் ஜான் வாஷிங்டன் என்பவர் மற்றொருவருடன் கூடி இந்நிலத்தைப் பெற்றார். அவர் பேரர் அகஸ்டின் 1734-ல் இங்கே சிறியதோர் இல்லம் அமைப்பித்தார். அகஸ்டினுடைய குமாரர் லாரன்ஸ், தாம் போர்புரிந்த காலத்துக் கடற்படைத் தலைவராயிருந்த வெர்னனது பெயரை இதற்கு இட்டார். லாரன்ஸ் 1752-ல் இறந்தபின், அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியாகிய ஜார்ஜ் வாஷிங்டன் 1754-ல் இதனைக் குத்தகைக்கு எடுத்து, 1761-ல் முழு உரிமை எய்தினார். மேல்மாடியும் இருபக்கச் சிறகுகளும் நதியை நோக்கிய நெடுந்திண்ணையும் அவர் காலத்தனவே.

இம்மாளிகை கருங்கல்லாற் கட்டப்பட்டதுபோலத் தோன்றும். உண்மையில் இது மரத்தாலாயது. பலகைகளைக் கல்லின் வடிவாகச் செதுக்கி, வர்ணம் ஈரமாயிருக்கும்போதே அதன்மேல் மணலைத் தூவி அத்தோற்றத்தை உண்டாக்கினர்.

புறத்தோற்றம் இவ்வாறிருக்க, அகத்திலும் ஒரு முரண் உண்டு. பிரெஞ்சு நாட்டுப் பஸ்தீல் சிறையின் திறவுகோலை லபாயெத் பிரபு 1790-ல் வாஷிங்டனுக்குச் சுதந்தரத்தின் அடையாளமாக அனுப்பினார். அஃது இக்கூடத்திலேயே தொங்குகின்றது. ஆயின், 1799-ல் வாஷிங்டன் இறந்தபோது இப்பண்ணைகளில் அடிமைகளாயிருந்தோர் 317 பேர். அவருள் தமக்கே உரிய 123 பேரைத் தம் மனைவியின் காலத்துக்குப்பின் விடுவிக்குமாறு அவர் மரணசாசனம் எழுதினார். அம்மையார் மார்த்தா 1801 ஜனவரி முதல் தேதியிலேயே அவர்களை விடுவித்தார். அம்மையாருடைய முதற் கணவரின் சொத்தைச் சேர்ந்தவர்களோ விடுதலை பெறாமல் அக்குடும்பத்து வாரிசுகளுக்குப் பங்கிடப்பட்டனர். விடுதலை பெற்ற கணவனும் பெறாத மனைவியும் பிரிந்த குடும்பங்கள் பல.

பழுதுற்றிருந்த மாளிகையை 1858-ல் மாதர் சங்கமொன்று இரண்டு லட்சம் டாலருக்கு விலைபேசி வாங்கிப் பாதுகாத்தது. அடிமைகளைப் புதைத்த இடத்தில் நினைவுக்கல் நாட்டப்பட்டது 1929-ல்தான். 1983-ல் மற்றொரு நினைவுச்சின்னமும் அமைந்தது. அங்கே உறங்குவோர் பலருக்குப் பெயர்பொறித்த கல் இல்லை. உடையவர் பெயரைப் பத்திரம் காக்கும்; உழைத்தவர் பெயரைத் தேடிக் காப்பது சரித்திரம் பயில்வோர் கடமையாம்.