செவிவழி நிரலாக்கம்: தொடக்கப் பிழைகளும் திருத்தமும்

பார்வையற்றோர் கணிப்பொறியைக் கையாளுவதற்குத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் துணைபுரிகிறது. திரையில் தோன்றும் எழுத்துக்களை அது செயற்கைக் குரலில் படித்துக் காட்டும். இவ்வகையில் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் என்விடிஏ ஆகும். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் இதனை ஆக்கத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே என்பவர் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். இதன் பெரும்பகுதி பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டுள்ளது. செவியின் துணைகொண்டு நிரல் எழுத இயலுமா என்னும் ஐயத்திற்கு இம்மென்பொருளே தக்க விடையாகும்.

எனினும், பைத்தான் பயிலத் தொடங்கும் மாணவர் பலர் முதற் பாடங்களிலேயே தடுமாறித் தமக்கு இத்துறை ஒவ்வாது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். குறை பெரும்பாலும் அவர்களுடையது அன்று. திரைவாசிப்பான் முதலில் உரைநடையைப் படிப்பதற்கேற்ப அமைந்திருக்கிறது. கடிதத்தையோ கதையையோ படிக்கும்போது ஒவ்வொரு குறியையும் உச்சரித்தால் கேட்பவருக்குச் சலிப்பே மிஞ்சும். ஆதலால் அது பலவற்றைச் சொல்லாது விடுகிறது. நிரலிலோ அவ்வாறு விடப்படுபவையே பொருளைத் தாங்கி நிற்கின்றன.

குறிகள்

நிபந்தனையைக் கூறும் வரியின் இறுதியில் முக்காற்புள்ளி வரவேண்டும்; திறந்த அடைப்புக்குறி மூடப்படவேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் நிரல் இயங்காது. வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் குறை புலப்படாது. ஏனெனில் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி ஒன்றுபோலவே ஒலிக்கும். நிறுத்தற்குறிகளை உச்சரிக்கும் அளவினை 'அனைத்தும்' என்று மாற்றுவதே இதற்குப் பரிகாரம்.

வெற்றிடம்

பைத்தானில் வரியின் தொடக்கத்திலுள்ள இடைவெளிக்கும் பொருள் உண்டு. ஒரு கட்டளைக்கு உட்பட்ட வரிகளை நான்கு இடைவெளி தள்ளி எழுதுவது மரபு. ஐந்து பாடங்களின் மதிப்பெண்களைச் சுழற்சி முறையில் கூட்டும் நிரலை எடுத்துக்கொள்வோம். கூட்டுத்தொகையை அச்சிடும் வரி தவறுதலாக நான்கு இடைவெளி தள்ளி அமைந்துவிட்டால், அதுவும் சுழற்சிக்குள் அடங்கிவிடும். விடை ஒருமுறை வருவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பாடத்தையும் கூட்டும்தோறும் ஒரு தொகையாக ஐந்து முறை வரும். கணிப்பொறி பிழை எதனையும் அறிவிக்காது. கண்ணுக்கு உடனே தெரியும் இந்தத் தள்ளல், செவிக்குத் தானாக எட்டுவதில்லை.

என்விடிஏ அமைப்பில், வரித்தொடக்க இடைவெளியை அறிவிக்கும் வசதி உண்டு. அதனைப் பேச்சாகவோ, ஸ்வரமாகவோ, இரண்டுமாகவோ பெறலாம். ஸ்வரத்தைத் தேர்ந்தால், இடைவெளி கூடக்கூடச் சுருதி உயரும். சிறிது பழகியபின் நிரலின் அமைப்பையே செவியால் உணரலாம்.

ஒலியொத்த பெயர்கள்

'டோட்டல்' என்னும் பெயரை ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் வேறிடத்தில் சிறிய எழுத்திலும் தொடங்கினால், பைத்தான் அவற்றை இரு வேறு பெயர்களாகவே கொள்ளும். சொல்லாகக் கேட்கையில் வேற்றுமை தெரியாது. இவ்விடத்தில் எழுத்தெழுத்தாகக் கேட்டல் வேண்டும். மேசைக் கணிப்பொறி அமைப்பில், எண் விசைத் தொகுதியின் 2ஆம் விசை நடப்பு எழுத்தைக் கூறும். அதனையே விரைவாக இருமுறை அழுத்தினால், 'எம்' என்பதற்கு 'மைக்' என்றும் 'என்' என்பதற்கு 'நவம்பர்' என்றும் விளக்கிக் கூறும்.

பிழைச் செய்தி

பிழைச் செய்தி கோப்பின் பெயர், வரியெண் ஆகியவற்றுடன் தொடங்கி நீளும். தொடக்கத்திலிருந்து கேட்பவர் பாதியிலேயே சோர்ந்துவிடுவார். பிழையின் வகையைக் கூறுவது கடைசி வரியே. அதனை முதலில் கேட்டு, பின் மேலே சென்று வரியெண்ணை அறிதல் நன்று. சுட்டப்படும் வரியிலேயே பிழை இருக்கவேண்டும் என்பதில்லை. மூடாத அடைப்புக்குறியைப் பழைய பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியின் பிழையாகக் காட்டின. 2021இல் வெளிவந்த 3.10 பதிப்பு முதல், அக்குறி திறந்த இடமே சுட்டப்படுகிறது.

ஆகவே பயில்பவர் நிரலைத் திருத்துவதற்கு முன் திரைவாசிப்பானின் அமைப்பைத் திருத்திக்கொள்ளவேண்டும். கற்பிக்கும் ஆசிரியரும் இதனை முதற்பாடமாகக் கொள்வாராயின், காதில் விழாத ஒரு புள்ளிக்காக நல்ல மாணவர் ஒருவர் இக்கல்வியைக் கைவிடும் நிலை நேராது.