பழைய காம்பர் வானில் எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு 66 வயது. 1988இல் லண்டன் வந்து, 1991இல் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். இப்போது வேலையிலிருந்து ஓய்வு. மனைவியும் நானும் ஸ்கொட்லாந்து, வேல்ஸ் என்று ஆறுதலாகச் சுற்ற ஆசைப்படுகிறோம். 2003ஆம் ஆண்டு ஃபியற் டுக்காற்றோ காம்பர் வான் ஒன்றைப் பார்த்தோம். 68,000 மைல் ஓடியிருக்கிறது. உள்ளே லேசான பூஞ்சண மணம். "மாரி முழுக்கப் பூட்டிக் கிடந்தது, அதுதான்" என்கிறார் விற்பவர். "எஞ்சின் நடுவழியில் நின்றால் என்ன செய்வீர்கள்?" என்கிறாள் மகள். சேமிப்பில் பெரும்பங்கு போய்விடும். இரவில் நித்திரையே வருவதில்லை. வாங்கலாமா?
– எஸ். கே., ஹரோ

பதில்: அன்புள்ள எஸ். கே. ஐயா, முதலில் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள். இன்னும் காசு கைமாறவில்லை. உங்கள் ஆசையும் நியாயமானது, பயமும் நியாயமானது. ஆனால் பயம் இடம் மாறி நிற்கிறது என்று நினைக்கிறேன்.

ஒழுங்காகப் பராமரித்த டீசல் எஞ்சினுக்கு 68,000 மைல் பெரிய ஓட்டமல்ல. டுக்காற்றோ சரக்கு வானாகவும் ஓடுவதால் அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒன்றை மட்டும் கேளுங்கள்: ரைமிங் பெல்ற் (எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே ஒழுங்கில் இயங்கவைக்கும் ரப்பர் பட்டை) கடைசியாக எப்போது மாற்றினார்கள்? பற்றுச்சீட்டு இருக்கிறதா? அது அறுந்தால் எஞ்சினே பாழாகிவிடும். சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அஞ்ச வேண்டியது அந்த மணத்துக்குத்தான். இத்தகைய வான்கள் பலவற்றின் சுவர் உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் மரச் சட்டமும் நுரைப் பலகையும், வெளியே அலுமினியம் அல்லது கண்ணாடியிழைத் தகடு என்று அமைந்திருக்கும். தகடுகள் சேரும் இடங்களை மாஸ்ரிக் (நீர் புகாமல் அடைக்கும் பசை) பூசி மூடியிருப்பார்கள். ஆண்டுகள் போகப் போக அது காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பால் இறங்கும் நீர் உள்ளே மரத்தைத் தின்னும். கறையான் பிடித்த கதவுநிலை மாதிரி, வெளியே பளபளப்பாகவே இருக்கும். அதைத் திருத்த அலுமாரிகளையும் சுவரையும் கழற்ற வேண்டும். செலவு வானின் விலையையே தாண்டலாம். எம்.ஓ.ரி. சோதனையில் தேறியது என்று விற்பவர் சொன்னால் அதில் ஆறுதல் கொள்ளாதீர்கள். அந்தச் சோதனை வான் வீதியில் ஓடத் தகுதியானதா என்று மட்டுமே பார்க்கும். சுவரின் ஈரமோ சமையல் காஸோ அதில் வராது.

விற்பவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். பூட்டிக் கிடந்த வானில் காற்றிலுள்ள ஈரமே பூஞ்சணம் பிடிக்கப் போதும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால், நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். மெத்தைகளைத் தூக்கி, மேல் அலுமாரிகளுக்குள் கைவிட்டு, மூலைகளையும் கூரை ஜன்னலைச் சுற்றியும் சாரதி இருக்கைக்கு மேலுள்ள கட்டிலின் ஓரங்களையும் பெருவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமிழ்ந்தால் திரும்பிவிடுங்கள். ஈரமானி (மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் சிறு கருவி) ஒன்று வாங்கிக்கொண்டு போவது நல்லது. 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் பயமில்லை. 20ஐத் தாண்டினால் எங்கோ நீர் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், பணம் கொடுக்குமுன் தேர்ந்த ஒருவரைக் கொண்டு ஹபிற்றேஷன் சோதனை (வசிக்கும் பகுதியின் ஈரம், காஸ், மின்சாரம் பார்ப்பது) செய்யுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த வான் வேண்டாம்.

ரயர்களையும் பாருங்கள். அதிகம் ஓடாத வானில் தடம் புதிதுபோல் இருக்கும், ரப்பர் முதுமையடைந்திருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் உண்டு. 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஏழு ஆண்டு கடந்தால் மாற்றுங்கள். பதிவு இலக்கத்தைக் கொண்டு அரசின் இணையத்தளத்தில் பழைய எம்.ஓ.ரி. முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். துருப் பற்றிய குறிப்பு ஆண்டுதோறும் திரும்ப வருகிறதா என்று கவனியுங்கள்.

ஹரோவில் இருப்பதால் இன்னொரு செலவு உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் (புகை மாசுக் கட்டண வலயம்) லண்டனின் எல்லா நகரசபைகளையும் உள்ளடக்குகிறது. 2003 டீசல் வான் அதன் விதிக்குள் அடங்காது. வலயத்துக்குள் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண் கட்ட வேண்டும். ஆனால் நிறுத்தி வைத்திருக்கும் நாட்களுக்குக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு ஐந்து பயணம் என்றால் போகும் நாளும் வரும் நாளுமாகப் பத்து நாள், 125 பவுண். இதற்காகப் பல்லாயிரம் பவுண் கூடக் கொடுத்துப் புதிய வான் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மொத்த எடை அனுமதி 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வான் என்றால் கட்டணம் பலமடங்கு. அதைப் பதிவுப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 1997க்கு முன் கார் அனுமதிப்பத்திரம் எடுத்தவர் என்பதால், 70 வயதுவரை 7.5 தொன் வரை ஓட்ட உங்களுக்குப் பொதுவாக உரிமை உண்டு. அட்டையில் சி1 என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குமுன் இதே அளவு வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, குளிர் காலத்தில் நான்கு இரவு அதில் தங்குங்கள். மேல் கட்டிலுக்கு ஏணியில் ஏற வேண்டும். நள்ளிரவில் கழிவறைக்கு இறங்கவும் வேண்டும். அது உங்கள் மனைவியின் முழங்காலுக்கு ஒத்துவருமா என்பதை அவரே சொல்லட்டும். முடியாது என்றால், கீழேயே நிலையான கட்டில் உள்ள வானைத் தேடுங்கள்.